துண்டில் 'மர்மர்' என்று எழுதியிருந்தால்: லப்–டப் ஒலிகளும் இரத்தம் ஓடும் வழியும்

பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நடந்த அன்று மாலை, ஊரில் நாலு வீட்டிலாவது கலக்கம் இருக்கும். பிள்ளை கொண்டுவந்த துண்டில் 'மர்மர் 2/6, சிறுவர் கிளினிக்கில் காட்டவும்' என்று எழுதியிருக்கும். பொழுது படுவதற்குள் அது 'பிள்ளையின் நெஞ்சில் ஓட்டையாம்' என்று பக்கத்து வளவுக்குப் போய்விடும். 2/6 என்பதைப் பார்த்துவிட்டு மூன்றில் ஒரு பங்கு இதயம் பழுது என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. களுவாஞ்சிக்குடியானாலும் காத்தான்குடியானாலும் அக்கரைப்பற்றானாலும் கதை ஒன்றுதான்.

இந்தப் பயத்தில் பெரும்பகுதி, கேள்வியை மாற்றிக் கேட்பதால் வருகிறது. மர்மர் என்றால் இதயத்தில் கேட்கும் முணுமுணுப்புச் சத்தம். அது எவ்வளவு பெரிது என்று வீட்டார் கேட்கிறார்கள். குழாய் வைத்துப் பார்க்கும் மருத்துவர் முதலில் தேடுவது சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்பதை. ஒரு துடிப்பு முடிய ஒரு செக்கன்கூட ஆவதில்லை. அதற்குள் முன்பகுதியில் வரும் சத்தத்துக்கு ஒரு பொருள், பின்பகுதியில் வரும் சத்தத்துக்கு வேறு பொருள். அந்தச் சிறு நேரத்தில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், துண்டில் எழுதியிருப்பது தானாக விளங்கத் தொடங்கும்.

அறைகள், வால்வுகள், வழி

பதினோராம் ஆண்டு விஞ்ஞானப் பாடம் ஞாபகமிருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

இதயத்தில் மேலே இரண்டு சோணைகள், கீழே இரண்டு இதயவறைகள். உடலைச் சுற்றி ஒட்சிசனைக் கொடுத்துவிட்டு வரும் இரத்தம் மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம் வழியாக வலது சோணைக்கு வருகிறது. அங்கிருந்து முக்கூர் வால்வைக் கடந்து வலது இதயவறைக்குள் இறங்கி, சுவாசப்பை நாடி வழியாக நுரையீரலுக்குப் போகிறது. ஒட்சிசன் ஏற்றிக்கொண்டு இடது சோணைக்குத் திரும்பி, இருகூர் வால்வைக் கடந்து இடது இதயவறை, அதன்பின் பெருநாடி, மறுபடி உடல். இருகூர் வால்வைக் கிளினிக்கில் எல்லோரும் மைட்ரல் வால்வு என்றுதான் சொல்வார்கள். இங்கும் அப்படியே சொல்வோம். இரண்டு இதயவறைகளின் வெளிவாசலிலும் அரைமதி வால்வுகள் இருக்கின்றன: வலப்பக்கம் சுவாசப்பை நாடி வால்வு, இடப்பக்கம் பெருநாடி வால்வு.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு இரத்தத்தைத்தான் தள்ளுகின்றன. ஆனால் தள்ளும் அமுக்கம் ஒன்றல்ல. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்கள் தளர்வானவை. வலது இதயவறைக்கு சுமார் 25 மி.மீ. இரச அமுக்கம் போதும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்பவேண்டிய இடது இதயவறைக்கு சுமார் 120 வேண்டும். இந்த 120க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் பின்னால் 'ஓட்டை' பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வால்வைத் திறப்பது யார்?

யாருமில்லை. வால்வுக்கென்று தசையும் கிடையாது, மூளையிலிருந்து கட்டளையும் வராது. மெல்லிய இதழ்கள், அவ்வளவுதான். பின்னால் அமுக்கம் கூடினால் திறக்கும், முன்னால் கூடினால் மூடும். மைட்ரல், முக்கூர் வால்வுகளின் இதழ்களை இதயவறைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் நாண்கள்கூட வால்வைத் திறப்பதற்காக இல்லை. மூடும் வேகத்தில் இதழ் மறுபக்கம் புரண்டுவிடாமல் தடுப்பதற்காக. இரத்தம் பின்னோக்கி வராததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

ஆகவே எந்த வால்வு எப்போது மூடும் என்று தெரிய, எந்த அறையில் எப்போது அமுக்கம் கூடுகிறது என்று பார்த்தால் போதும்.

0.8 செக்கனுக்குள்

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 செக்கன். பாடப்புத்தகம் இந்த இதய வட்டத்தை சோணைச் சுருக்கம் 0.1, இதயவறைச் சுருக்கம் 0.3, முழுத் தளர்வு 0.4 என்று பிரிக்கும். பரீட்சைக்கு அது காணும். சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க இன்னும் சற்று நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும். இடது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். வலது பக்கத்திலும் இதேதான், குறைந்த அமுக்கத்தில்.

1. நிரம்புதல். இதயவறை தளர்ந்திருக்கிறது. உள்ளே அமுக்கம் சோணையை விடக் குறைவு, அதனால் மைட்ரல் திறந்திருக்கிறது, இரத்தம் தானாக இறங்குகிறது. சோணை பம்பு பண்ணித்தான் இதயவறை நிரம்புகிறது என்று பலர் நினைத்திருப்பார்கள். நிரம்பவேண்டியதில் முக்கால் பங்கு, சோணை சுருங்கும் முன்னரே இறங்கிவிடும்.

2. சோணைச் சுருக்கம். மீதிக் கால் பங்கை சோணை தள்ளிவிடுகிறது. இப்போது இடது இதயவறையில் ஏறக்குறைய 120 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும்.

3. இதயவறை இறுகத் தொடங்குதல். உள்ளே அமுக்கம் சோணையை மிஞ்சியதும் மைட்ரல் மூடுகிறது. இங்கேதான் 'லப்'. பெருநாடிக்குள் ஏற்கெனவே 80 மி.மீ. இரச அமுக்கம் இருக்கிறது. அதைத் தாண்டும்வரை வெளிவாசல் திறக்காது. ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு நேரம், உள்வாசலும் மூடி, வெளிவாசலும் மூடி, இதயவறை இரத்தத்தை வெறுமனே நெரித்துக்கொண்டிருக்கும்.

4. வெளியேற்றம். அமுக்கம் 80ஐத் தாண்டியதும் பெருநாடி வால்வு திறக்கிறது, சத்தமில்லாமல். அமுக்கம் 120 வரை ஏறி இறங்குவதற்குள் சுமார் 70 மில்லிலீற்றர் வெளியே போய்விடும். மீதி 50 உள்ளேயே தங்கிவிடும். அது குறையல்ல, இயல்பு. பிரஷர் பார்க்கும்போது 120க்கு 80 என்று சொல்கிறார்களே, அவை இந்த நாடி அமுக்கத்தின் உச்சமும் அடியும்தான்.

5. தளர்வு தொடங்குதல். இதயவறையின் அமுக்கம் பெருநாடியை விடக் கீழே விழுகிறது. வெளியே போன இரத்தம் ஒரு கணம் திரும்பப் பார்க்கிறது. அந்தத் திரும்பலே பெருநாடி வால்வை மூடிவிடுகிறது. இது 'டப்'. அமுக்கம் இன்னும் இறங்கி சோணையை விடக் குறைந்ததும் மைட்ரல் திறக்கும். மறுபடி முதலாவது படி.

இதில் இரண்டு இடைவெளிகள் கிடைக்கின்றன. லப்பிலிருந்து டப் வரை இதயவறை சுருங்கும் நேரம், சுமார் 0.3 செக்கன். டப்பிலிருந்து அடுத்த லப் வரை நிரம்பும் நேரம், சுமார் 0.5 செக்கன். முன்னதை முதல் இடைவெளி என்றும் பின்னதை இரண்டாம் இடைவெளி என்றும் வைத்துக்கொள்வோம். இனி வருவதெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

லப், டப்: எது மோதுகிறது?

வால்வு இதழ் ஒன்றோடொன்று அடிபடுவதால் சத்தம் வருகிறது என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். முழுச் சரியில்லை. இதழ்கள் மென்மையானவை; அவை தொட்டுக்கொள்வதில் பெரிய சத்தம் வராது. வேகமாக வந்த இரத்தம் மூடிய வால்வில் திடீரென்று தடைப்பட்டு நிற்கும்போது இதழ், நாண், சுவர், இரத்தம் எல்லாம் சேர்ந்து அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் நெஞ்சுச் சுவரைத் தாண்டி வெளியே வருகிறது.

உடலுக்குள் இருக்கும் ஒலியை வெளியிலிருந்து கேட்க, நடுவில் ஒரு பொருள் வேண்டும். பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் பௌர்ணமி இரவில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவித் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைப்பார்கள். 1816இல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவர் செய்ததும் அதே வேலைதான். ஓர் இளம் பெண்ணின் நெஞ்சில் நேரடியாகக் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மரத்தில் குழல் கடைந்துகொண்டார். இன்றைய ஸ்டெதஸ்கோப் அங்கிருந்துதான் வருகிறது.

சரி, எது லப், எது டப் என்று எப்படிப் பிரிப்பது? ஆறுதலாகத் துடிக்கும் இதயத்தில் குறுகிய இடைவெளிக்கு முன்னால் வருவது லப். துடிப்பு வேகமானால் இரண்டு இடைவெளிகளும் ஒரே நீளமாகிவிடும். அப்போது மருத்துவர் குழாயை நெஞ்சில் வைத்தபடியே மறுகையால் கழுத்து நாடியைத் தொடுவார். கழுத்து நாடி எழும்போது கேட்பது லப். மணிக்கட்டு நாடி இதற்கு உதவாது, அலை அங்கே போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகும்.

'மூச்சை நல்லா இழுங்க' என்று சொல்வதும் நுரையீரலுக்காக மட்டுமல்ல. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அமுக்கம் குறைந்து, வலது பக்கத்துக்குக் கூடுதல் இரத்தம் வருகிறது. அதைத் தள்ளிமுடிக்க வலது இதயவறைக்கு ஒரு சொட்டு நேரம் கூடத் தேவை. அதனால் சுவாசப்பை நாடி வால்வு பெருநாடி வால்வுக்குப் பின்னால் மூடும். டப் இரண்டாகப் பிரிந்து 'ட்–டப்' என்று கேட்கும். மூச்சை விட்டதும் ஒன்றாகிவிடும். இது நல்ல இதயத்தின் அடையாளம். மூச்சை இழுத்தாலும் விட்டாலும் பிரிவு மாறாமல் அப்படியே இருந்தால், இரண்டு சோணைகளுக்கும் இடையில் துவாரம் இருக்கிறதா என்ற சந்தேகம் வரும். அந்தத் துவாரத்தின் ஊடாக இரத்தம் பாயும் சத்தம் பொதுவாகக் கேட்பதில்லை. டப்பின் நடத்தைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

சிலருக்கு மூன்றாவது, நான்காவது ஒலிகளும் கேட்கும், இரண்டும் இரண்டாம் இடைவெளியில். டப்புக்குச் சற்றுப் பின்னால் வரும் மூன்றாவது ஒலி சிறுவர்களிடமும் ஓடியாடித் திரியும் இளைஞர்களிடமும் இயல்பு. அறுபது வயதுக்காரர் கால் வீங்கி மூச்சு வாங்க வந்திருக்கையில் அதே ஒலி கேட்டால் இதயம் தளர்ந்துபோனதன் அறிகுறி. நான்காவது, லப்புக்குச் சற்று முன்னால் வரும், இறுகிப்போன இதயவறைக்குள் சோணை வலிந்து தள்ளுவதால். பல வருடம் பிரஷரைக் கவனிக்காமல் விட்டவர்களிடம் கேட்கலாம்.

மர்மர் எங்கிருந்து வருகிறது?

ஒழுங்காக ஓடும் இரத்தம் சத்தம் போடாது. குறுகிய வழியால் வேகமாகப் பாய்ந்தால், அல்லது போகக்கூடாத திசையில் கசிந்தால், அல்லது சாதாரண வழியிலேயே அளவுக்கு மிஞ்சி ஓடினால், ஓட்டம் குழம்பிச் சுழலும். அந்தச் சுழல்தான் மர்மர், முணுமுணுப்பு. லப்பும் டப்பும் ஒரு கணத்தில் முடியும் ஒலிகள்; முணுமுணுப்பு இடைவெளியை நிரப்பிக்கொண்டு நீளும் ஒலி, 'ஷ்ஷ்' என்றோ 'ம்ம்' என்றோ.

இப்போது இடைவெளிக் கணக்குக்கு வருவோம்.

1. முதல் இடைவெளியில் கேட்டால், இதயவறை சுருங்கும் நேரம். அப்போது திறந்திருக்க வேண்டியவை வெளிவாசல் வால்வுகள், அவை குறுகியிருக்கலாம். மூடியிருக்க வேண்டியவை மைட்ரலும் முக்கூரும்; அவை கசியலாம். இதயவறைகளுக்கு இடையில் துவாரம் இருக்கலாம். அல்லது எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பிள்ளைகளில் கேட்கும் தீங்கற்ற முணுமுணுப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

2. இரண்டாம் இடைவெளியில் கேட்டால், நிரம்பும் நேரம். மைட்ரலோ முக்கூரோ குறுகியிருக்கலாம், அல்லது வெளிவாசல் வால்வு ஒன்று பின்னோக்கிக் கசியலாம். இதை எந்த மருத்துவரும் 'பரவாயில்லை' என்று விட்டுவிடுவதில்லை. மெதுவாகக் கேட்டாலும் எக்கோ (இதயத்தை மிகையொலியால் எடுக்கும் படம்) எடுக்கச் சொல்வார்.

3. இரண்டிலும் தொடர்ச்சியாகக் கேட்டால், பெருநாடிக்கும் சுவாசப்பை நாடிக்கும் இடையில் பிறப்பதற்கு முன் இருந்த இணைப்புக் குழாய் மூடாமல் விட்டிருக்கலாம்.

2/6 என்பது சத்தத்தின் அளவு. சாமுவேல் லெவின் என்ற அமெரிக்க மருத்துவர் 1933இல் வகுத்த முறை. அமைதியான அறையில் கவனித்துக் கேட்டால்தான் பிடிபடுவது 1. குழாயை நெஞ்சில் வைக்காமல் சற்று விலக்கிப் பிடித்தாலும் கேட்பது 6. நாலிலிருந்து மேலே, கையை வைத்தாலே அதிர்வு தெரியும். ஆறில் இத்தனை பங்கு பழுது என்ற பேச்சே அதில் இல்லை.

கிளினிக்கில் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும், வரிசையில் குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும். 1/6 சத்தம் அங்கே யாருக்கும் கேட்காது. ஒரு மருத்துவர் 'இருக்கு' என்றும் அடுத்தவர் 'இல்லை' என்றும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறாரா, கவனமான ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைக்குக் கேட்கும்போது

பிள்ளைகளில் பாதிப் பேருக்குக்கூட ஏதோ ஒரு வயதில் தீங்கற்ற முணுமுணுப்பு கேட்கலாம். நெஞ்சுச் சுவர் மெல்லியது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளே ஓடும் இரத்தம் வெளியே நன்றாகக் கேட்கிறது. காய்ச்சல் வந்தால் சத்தம் கூடும். இரத்தச்சோகை இருந்தாலும் கூடும். படுத்திருக்கும்போது கேட்டது எழுந்து உட்கார்ந்ததும் குறைந்துவிடும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு முணுமுணுப்பு கேட்டால், காய்ச்சல் விட்டபிறகு மறுபடி வாருங்கள் என்று சொல்வது இதனால்தான், தட்டிக்கழிப்பதற்காக அல்ல.

'பிறந்தபோது ஒன்றுமில்லை என்றார்கள், ஒரு மாதத்தில் ஊசி போடப் போனால் ஓட்டை என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒழுங்காகப் பார்க்கவில்லை' என்று கோபப்படும் அம்மாவோ உம்மாவோ எல்லா ஊரிலும் இருப்பார். பெரும்பாலும் அந்தக் கோபம் நியாயமில்லாதது. காரணம் அந்த 120க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம்.

கருப்பையில் நுரையீரல் வேலை செய்வதில்லை. அதன் இரத்தக் குழாய்கள் இறுகியிருக்கும். பிறந்த முதல் நாட்களிலும் வலது பக்க அமுக்கம் உயர்ந்தே இருக்கும். இதயவறைகளுக்கு இடையில் துவாரம் இருந்தாலும், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அமுக்கம் என்றால் இரத்தம் ஏன் பாயப்போகிறது? பாயாத இடத்தில் சத்தமும் இல்லை. வாரங்கள் போகப்போக நுரையீரல் குழாய்கள் தளர்ந்து வலது பக்க அமுக்கம் இறங்கும். அப்போதுதான் இடமிருந்து வலமாக இரத்தம் பாயத் தொடங்கும், முணுமுணுப்பும் அப்போதுதான் பிறக்கும். முதல் நாள் கேட்ட காது சரியாகத்தான் கேட்டது. கேட்பதற்கு அன்று ஒன்றும் இருக்கவில்லை.

துவாரம் சிறிதாக இருந்தால் சத்தம் பெரிது. சின்ன வழியால் பெரிய அமுக்க வித்தியாசத்தில் பீய்ச்சி அடிக்கும் இரத்தம் நன்றாக இரைச்சல் போடும், நெஞ்சில் கை வைத்தால்கூடத் தெரியும். ஆனால் அதனால் போகும் இரத்தம் கொஞ்சம்தான். இப்படிப்பட்ட சிறு துவாரங்கள் பல தானாகவே மூடிவிடும். பெரிய துவாரத்தில் இரு அறைகளின் அமுக்கமும் சமமாகப் பார்க்கும், சத்தம் மெலிந்துவிடும், நுரையீரலுக்கோ வெள்ளமாக இரத்தம் போகும். பல வருடம் அப்படியே விட்டால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகி, ஓட்டம் வலமிருந்து இடமாகத் திரும்பிவிடும். அப்போது பழைய முணுமுணுப்பு மறைந்துபோய், உதடு நீலமாகியிருக்கும். அந்தக் கட்டத்தில் துவாரத்தை அடைக்கவும் முடியாது. 'முந்தி பெரிசாகக் கேட்டது, இப்ப குறைஞ்சிட்டுது' என்பது சில பிள்ளைகளில் நல்ல செய்தி, சில பிள்ளைகளில் மோசமான செய்தி. காது மட்டும் அதைத் தீர்மானிக்காது.

சத்தத்தை விட வீட்டில் கண்ணால் பார்க்கக்கூடியவை முக்கியம்:

1. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்க நிறுத்துவது.
2. நிறை ஏறாமல் வளர்ச்சிக் கோடு கீழே சரிவது.
3. அழும்போது உதடும் நாக்கும் நீலமாவது. கைவிரல் நுனி மட்டும் குளிரில் நீலமாவது வேறு.
4. திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி.
5. பெரிய பிள்ளையானால், ஓடும்போது மயங்கி விழுவது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் தவணை வரும்வரை காத்திருக்கக்கூடாது. சத்திரசிகிச்சை தேவைப்படும் பிள்ளைகள் பலர் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். கைக்குழந்தையோடு அந்தப் பயணம் லேசானதல்ல. அதனாலேயே தள்ளிப்போடுகிறவர்களையும் குறைசொல்ல முடியாது, ஆனால் தள்ளிப்போட்டால் மேலே சொன்ன கட்டத்துக்குப் போகும் பிள்ளையும் உண்டு.

தொண்டை நோவிலிருந்து மைட்ரல் வரை

நம் பக்கத்தில் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டியது இது. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவால் தொண்டை நோவு வருகிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்து, கொத்தமல்லி அவித்துக் குடித்து, நாலு நாளில் சரியாகிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்குகிறது, அது வற்றும்போது கணுக்கால், அப்புறம் முழங்கை. இது வாதக் காய்ச்சல். பக்டீரியாவை எதிர்க்க உருவான பிறபொருளெதிரிகள் ஆள் மாறி, உடலின் சொந்த இழையங்களையே தாக்குகின்றன. மூட்டு வீக்கம் தடமில்லாமல் ஆறிவிடும். இதய வால்வில் பட்ட காயம் ஆறாது. இதழ்கள் தழும்பேறி, ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். அதிகம் அடிபடுவது மைட்ரல்.

ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி மறுபடி வரக்கூடும், வரும்போதெல்லாம் வால்வு இன்னும் கெடும். அதைத் தடுக்கத்தான் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக் கணக்கில். ஊசி நன்றாக நோகும். 'இப்ப மூட்டில் ஒன்றுமில்லையே' என்று இடையில் நிறுத்திவிடுகிறார்கள். ஊசி மூட்டுக்காகப் போடப்படுவதில்லை.

மைட்ரலின் இயல்பான திறப்பு 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர். 1.5க்கு இறங்கினால் கடுமையான குறுக்கம். இப்படியான வால்வில் லப் வழமையை விடப் பலமாகக் கேட்கும். நல்ல இதயத்தில் சத்தமில்லாமல் திறக்கும் வால்வு, இப்போது டப்புக்குச் சற்றுப் பின்னால் 'டிக்' என்று சொடுக்கித் திறக்கும். பிறகு இரண்டாம் இடைவெளியில் தாழ்ந்த சுருதியில் ஓர் உருட்டல். இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, குழாயின் மணிப்பக்கத்தை மெதுவாக வைத்தால்தான் கேட்கும். அதனால் தவறிப்போவதும் உண்டு. இத்தனைக்கும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. வயலில் வேலை செய்வார், பிள்ளை தூக்குவார்.

பெண்கள் பலருக்குக் கர்ப்பமானதும்தான் அது வெளியே வரும். ஏன் என்பதற்கு இடைவெளிக் கணக்கே பதில் சொல்கிறது. கர்ப்பத்தில் உடலின் இரத்த அளவு 40 முதல் 50 வீதம் வரை கூடும், துடிப்பும் வேகமாகும். துடிப்பு கூடும்போது சுருங்கும் நேரம் அதிகம் குறையாது. நிரம்பும் நேரம்தான் வெட்டுப்படும். நிமிடத்துக்கு 75இல், ஒவ்வொரு துடிப்பிலும் 0.5 செக்கன் நிரம்புவதற்கு. நிமிடம் முழுவதும் கூட்டினால் 37 செக்கனுக்கு மேல். 120 துடிப்பில் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 0.25, கூட்டினால் 30 செக்கன்தான். கடக்கவேண்டிய இரத்தம் கூடிவிட்டது, நேரம் குறைந்துவிட்டது, வாசலோ குறுகியது. இறங்க முடியாத இரத்தம் இடது சோணையில் தேங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குள் பின்வாங்கும். நுரையீரலில் நீர் கட்டும். படுத்தால் மூச்சு முட்டும், இரவில் எழுந்து உட்கார வேண்டிவரும். 'வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும்' என்ற வீட்டு வைத்தியம் இங்கே ஆளைக் கொன்றுவிடும்.

பிள்ளை பிறந்தால் ஆபத்து முடிந்தது என்பதும் சரியல்ல. கருப்பை சுருங்கும்போது அதிலிருந்த இரத்தம் பொதுச் சுற்றுக்குத் திரும்புகிறது. பெருநாளத்தை அழுத்திக்கொண்டிருந்த பாரமும் நீங்குகிறது. ஒரேயடியாக இதயத்துக்கு இரத்தம் கூடி வரும். பிரசவத்தை அடுத்த மணித்தியாலங்களில் இதய நோயுள்ள தாயைத் தனியாகக் கண்காணிப்பது இதற்காக. இலங்கையில் தாய் மரணங்களுக்கான முக்கிய காரணங்களில் இதய நோயும் ஒன்று. கர்ப்பிணிக் கிளினிக்கில் முதல் தடவையே குழாய் வைத்துப் பார்ப்பது சம்பிரதாயம் அல்ல. அந்த உருட்டலைத் தேடித்தான். சின்ன வயதில் மூட்டு வீங்கியதா, பென்சிலின் ஊசி போட்டதா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும். கலியாணம் குழம்பும் என்று பயந்து பெண்பிள்ளையின் பழைய கிளினிக் கொப்பியை எரித்துவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

குறுகிய மைட்ரலை இப்போது நெஞ்சைத் திறக்காமலேயே விரிக்கலாம். தொடை நாளத்தின் வழியாகக் குழாயை விட்டு, வால்வுக்குள் சிறு பலூனை ஊதி, ஒட்டிய ஓரங்களைப் பிரிக்கிறார்கள். ஜப்பானிய மருத்துவர் இனோவே 1982இல் தொடங்கிவைத்த முறை. தேவைப்பட்டால் கர்ப்ப காலத்திலும் செய்கிறார்கள்.

எக்கோ அறிக்கையில் இருப்பது

முணுமுணுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை உறுதிப்படுத்துவது எக்கோ. மிகையொலி அலையை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியால் இதயத்தைப் படமாக்குகிறார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் 1953இல் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் தொடங்கிய வேலை. ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தீங்கில்லை.

படத்தை விட வேகம் முக்கியம். வால்வைக் கடக்கும் இரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று இயந்திரம் அளக்கும். வழி குறுகக் குறுக வேகம் கூடும். செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்ற அந்த எண்ணைத் தன்னால் பெருக்கி, மறுபடி நாலால் பெருக்கினால், வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அமுக்க வித்தியாசம் மி.மீ. இரசத்தில் வரும். பெருநாடி வால்வில் வேகம் 4 என்றால் வித்தியாசம் 64. அதைக் கடுமையான குறுக்கம் என்பார்கள். இயல்பான வால்வில் வேகம் ஒன்று, ஒன்றரைக்குள் நிற்கும்.

அறிக்கையின் அடியில் 'ஈ.எஃப். 60%' என்று இருக்கும். வீட்டில் அதை நாற்பது வீதம் பழுது என்று வாசிக்கிறார்கள். நிரம்பிய இதயவறையிலிருந்து ஒரு துடிப்பில் எத்தனை வீதம் வெளியே போகிறது என்பதே அந்த எண். 120 நிரம்பி 70 வெளியேறினால் 58 வீதம். நல்ல இதயத்தின் கணக்கு அவ்வளவுதான், நூறு வீதம் யாருக்கும் இருக்காது. 50க்குக் கீழே இறங்கினால் மருத்துவர் அதைப் பற்றிப் பேசத் தொடங்குவார், 40க்குக் கீழே போனால் மருந்துத் துண்டு நீளும்.